மூச்சு வாங்கும் முயலுக்குப் பொடி எதற்கு?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று எட்டு மாதத்துக்கு முன் கடையில் இரண்டு முயல்குட்டி வாங்கினோம். லயன்ஹெட் வகை, இரண்டும் பெண் என்றார்கள். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் கம்பிக் கூண்டில் வைத்திருக்கிறோம். போன வாரம் மதியம் மூன்று மணிக்குப் பார்த்தால், ஒன்று காலை நீட்டிப் படுத்து வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பயந்துபோய்க் கடைக்கு ஓடினேன். தண்ணீரில் கலக்க எலக்ட்ரோலைட் பொடியும், குளிர்விக்கும் ஜெல் பாயும் கொடுத்தார்கள். 46 வெள்ளி ஆனது. பொடியை லிட்டருக்கு எவ்வளவு கலக்க வேண்டும்? இன்னொன்று, ஜூன் விடுமுறைக்கு இரண்டு வாரம் தஞ்சாவூர் போகிறோம். அதுவரை இரண்டையும் விலங்குக் காப்பகத்தில் விடலாமா?
— ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, பொடியைக் கலக்காதீர்கள். தண்ணீரின் ருசி மாறினால் முயல் குடிப்பதைக் குறைத்துவிடும். வெயில் நேரத்தில் அதுதான் நடக்கவே கூடாதது. இப்படிப்பட்ட பொடிகளில் சர்க்கரை இருந்தால் அதன் குடலுக்கும் ஆகாது. கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் அது வேறு. அப்போதும் பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒரு கிண்ணம் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்தக் கூண்டு இருக்கும் இடத்தில் மூன்று மணிக்கு எவ்வளவு சூடு என்பதைத்தான். வீடு எந்தத் திசை பார்த்தது என்று எழுதவில்லை. ஆனால் மதியம் மூன்று மணிக்கு மூச்சு வாங்குகிறது என்றால் மேற்கு வெயில் விழும் பக்கம் என்றே நினைக்கிறேன். பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரமும் இருக்கும். ஒரு சாதாரண வெப்பமானி வாங்கி, கூண்டின் தரை மட்டத்தில் வைத்து, மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை பாருங்கள். கூடத்தில் உங்களுக்குச் சுகமாக இருப்பதை வைத்து அங்கே நிலைமை எப்படி என்று முடிவு செய்ய வேண்டாம்.

முயலுக்கு இதமான வெப்பம் 15-லிருந்து 21 டிகிரி வரை. 28-ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். சிங்கப்பூரில் சாதாரண நாளிலேயே பகலில் 31, 32 வரும். இரவிலும் பெரும்பாலும் 24-க்குக் கீழே இறங்காது. 1983 ஏப்ரலில் தெங்காவிலும், 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் 37 டிகிரி பதிவானது. ஆக, இங்கே முயல் வளர்ப்பவருக்குக் கோடைகாலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே காற்று ஓய்ந்துவிடுவதால் கூடுதலாகக் கஷ்டப்படும், அவ்வளவுதான். லயன்ஹெட்டுக்குக் கழுத்தைச் சுற்றி நீள முடி வேறு. நாள்தோறும் சீவி உதிர்ந்த முடியை எடுத்துவிடுங்கள்.

முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. நாய் மாதிரி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துச் சூட்டைக் குறைக்கவும் அதற்கு வராது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். சுற்றியிருக்கும் காற்றே சூடாக இருந்தால் காதால் என்ன செய்ய முடியும்? அதனால் முதல் வேலை, கூண்டை அங்கிருந்து எடுப்பது. கூடத்திலோ படுக்கையறையிலோ வெயில் விழாத மூலையில், வெறும் தரையில், மடக்குத் தடுப்பு வைத்து இடம் ஒதுக்குங்கள். கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும், அது வேண்டவே வேண்டாம். தரை ஓடு, மிச்சமான மார்பிள் துண்டு, எது இருந்தாலும் போடுங்கள். முயல் தானாகவே அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். ஒரு போத்தலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி அருகில் வையுங்கள். விருப்பமானால் சாய்ந்துகொள்ளும், போதுமென்றால் விலகிப்போகும். அப்படி விலகிப்போக அதற்கு இடம் இருக்க வேண்டும். ஜெல் பாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முயல் எதையும் கொறித்துப் பார்க்கும், உள்ளே இருக்கும் ஜெல் வயிற்றுக்குப் போய்விடும்.

குளிர்சாதனம் இருக்கும் அறையானால் மிகவும் கடுமையான நாட்களில் மதியம் 25, 26 டிகிரியில் ஓடவிடலாம். மின்விசிறி அறையின் காற்றை நகர்த்தட்டும், நேராக முயல்மேல் அடிக்க வேண்டாம்.

சரி, இப்போது தண்ணீர். கூண்டில் தொங்கும் உருண்டை முனைப் போத்தலைக் கழற்றிவிட்டு, கனமான திறந்த கிண்ணம் வையுங்கள். முயல் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50-லிருந்து 150 மில்லி வரை குடிக்கும். அவ்வளவையும் அந்தச் சின்ன முனையை நக்கி நக்கிக் குடிப்பது எவ்வளவு பாடு! திறந்த கிண்ணத்தில் இயல்பாகக் குனிந்து அதிகமாகவே குடிக்கும். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் விற்கும் மண்சட்டி நல்லது, கனமாக இருக்கும், கவிழாது. ஊரில் போலத் தண்ணீர் குளிர்ந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் சட்டிச் சுவரிலிருந்து தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. தினமும் தேய்த்துக் கழுவி, காலையிலும் மதியமும் தண்ணீரை மாற்றுங்கள்.

இனி நான் எப்போதும் மன்றாடும் விஷயத்துக்கு வருகிறேன்: உலர்புல்லும் புழுக்கையும்.

உங்கள் கடிதத்தில் இந்த இரண்டு பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. வெயிலில் முயல் சாகும் வழி இரண்டு. ஒன்று, நேரடியாகச் சூடு தாக்குவது. மற்றது, சூட்டில் சாப்பிடப் பிடிக்காமல் விட்டுவிட்டு, குடல் அசைவு நின்றுபோவது. இரண்டாவது மெதுவாக, சத்தமில்லாமல் வரும். முயலின் குடல் எந்நேரமும் நார்ச்சத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டிய அமைப்பு. உணவு நின்றால் குடல் நிற்கும், வாயு கட்டும், வலிக்கும், வலியால் மேலும் சாப்பிடாது. வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. ஆகவே தினமும் காலையில் முதல் வேலை, புழுக்கையைப் பாருங்கள். எத்தனை, எவ்வளவு பெரிது, காய்ந்திருக்கிறதா. சிறுத்துக்கொண்டே வந்தால் எச்சரிக்கை. பன்னிரண்டு மணி நேரமாக உணவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்தக் குடலை ஓடவைப்பது உலர்புல். வளர்ந்த முயலுக்குத் திமோத்திப் புல், எந்நேரமும், அளவில்லாமல். இப்போது உங்கள் முயல்கள் வளர்ந்துவிட்டன. குட்டியில் கொடுத்த அல்ஃபால்ஃபாவை (குதிரைமசால்) இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம். இங்கே பலர் செய்யும் தவறு புல்லைச் சேமிப்பதில்தான். பெரிய மூட்டையாக வாங்கி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அதே சூடான பின்கட்டில் வைப்பார்கள். நம் ஈரக்காற்றில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முயல் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், ‘வெயிலால் சாப்பிடவில்லை’ என்று நாம் நினைப்போம். சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், தரையில் படாமல், வீட்டுக்குள் வையுங்கள். பச்சை நிறமும் புல் வாசனையும் போய்விட்டால் தூக்கிப் போடுங்கள். புதுப் புல்லைக் காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்குமாகப் போடுங்கள், முயல் அந்தக் குளிர்ந்த நேரங்களில்தான் நன்றாகத் தின்னும். சந்தையில் வாங்கும் கொத்தமல்லி, புதினாவைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டவே கொடுங்கள். உங்கள் பொடியைவிட அது நூறு மடங்கு நல்லது.

கடைக்காரர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உயிரை விற்பவர், அது எங்கே வைக்கப்படும் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் கம்பிக் கூண்டையும், வண்ண வண்ணத் துண்டும் சூரியகாந்தி விதையும் கலந்த தீனியையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது பொறுப்பில்லாத வியாபாரம். மூச்சு வாங்கும் முயலைப் பற்றிச் சொன்னவரிடம் “உடனே மருத்துவரிடம் போங்கள்” என்று சொல்லாமல் 46 வெள்ளிக்குச் சாமான் விற்பது அதைவிட மோசம். ‘இரண்டும் பெண்’ என்பதையும் நம்ப வேண்டாம். குட்டியில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது கடினம், சினைக்காலம் சுமார் 31 நாள்தான். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்து, கருத்தடைக்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி மூச்சு வாங்கினால்: காது சிவந்து சூடாக இருக்கும், மூக்கு விடைக்கும், மூக்கைச் சுற்றி ஈரமாகும். வாயைத் திறந்து மூச்சு விட்டால் மிகவும் ஆபத்தான கட்டம். உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரால் காதையும் பாதத்தையும் நனையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது, அதிர்ச்சியிலேயே போய்விடும். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும். நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எல்லா மருத்துவமனையிலும் முயல் பார்க்க மாட்டார்கள். முயல் பார்க்கும் இடம் எது, இரவில் திறந்திருக்குமா என்று இன்றே தொலைபேசியில் கேட்டு எழுதி ஒட்டிவையுங்கள்.

திடீரென்று ஒரு முயல் இறந்தால் ‘வெயில்தான்’ என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. முயல் ரத்தக்கசிவு நோய் 2020 செப்டம்பரில் சிங்கப்பூரில் முதன்முறையாக உறுதி செய்யப்பட்டது. அறிகுறி காட்டாமலே கொல்லக்கூடிய வைரஸ் அது. தடுப்பூசி இருக்கிறது, உங்கள் இரண்டுக்கும் போட்டாகிவிட்டதா என்று பாருங்கள்.

நாய் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. வெயில் தாக்கும் நாய்களில் பெரும்பாலானவை காரில் அடைபட்டவை அல்ல, நடையிலும் ஓட்டத்திலும் தாக்கப்பட்டவை. பிரிட்டனில் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பங்கு அப்படித்தான் இருந்தன. பக், ஷிட்சு மாதிரி முகம் தட்டையான நாயை ஐந்து மணி வெயிலில் இறக்காதீர்கள், ஏழரை மணிக்கு மேல் போங்கள். நாய்க்கு முதலுதவி, உடம்பை நன்றாக நனைத்து அதன்மேல் காற்று படவைப்பது. காய்ந்த முடிமேல் வெறும் விசிறிக் காற்று பட்டுப் பெரிய பயனில்லை. ஈரத்துண்டைப் போர்த்தி மூடினாலும் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இப்போது காப்பகம். விடக் கூடாது தம்பி. காப்பகம் விடுமுறைத் தங்குமிடம் இல்லை. போக இடமில்லாத உயிர்களுக்கே அங்கே இடம் நெருக்கடி. உங்கள் இரண்டும் போய் உட்கார்ந்தால் வேறு இரண்டுக்குக் கதவு மூடும். இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஆளை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் முயலுக்கென்றே கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இடத்தைத் தேடுங்கள். வருபவரிடம் புழுக்கையைத் தினமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கீழே புல்வெளியில் விட்டுவிடும் எண்ணம் யாருக்காவது வந்தால், விலங்கைக் கைவிடுவது இங்கே குற்றம்: முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

காப்பகங்களுக்கு உதவ நிறைய வழி இருக்கிறது. விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 2016-லிருந்து சுங்கை தெங்காவில் இயங்குகிறது. அதே வட்டாரத்தில் அனிமல் லாட்ஜ் என்ற காப்பக வளாகத்திலும் பல குழுக்கள் நாய், பூனைகளைப் பராமரிக்கின்றன. முயலுக்கு ஹவுஸ் ராபிட் சொசைட்டி சிங்கப்பூர் இருக்கிறது, தன்னார்வலர்கள் நடத்துவது. உங்கள் பழைய கம்பிக் கூண்டையும் மிச்சத் தீனியையும் அவர்கள் வாசலில் இறக்கிவைப்பதை உதவி என்று நினைக்காதீர்கள். நமக்கு வேண்டாததை அப்புறப்படுத்தும் வேலையை அவர்கள் தலையில் கட்டுவதாகிவிடும். முதலில் தொலைபேசியில் கேளுங்கள். எந்தக் குழுவுக்கும் தீராத செலவு மருத்துவக் கட்டணம், அதற்கு மாதாமாதம் சிறு தொகை அனுப்பினால் அவர்கள் திட்டமிட்டுச் செலவு செய்ய முடியும். பழைய துண்டு, செய்தித்தாள் எல்லாம் கேட்டால் மட்டும். பணம் முடியாதவர்கள் கூண்டு கழுவவும் நாய் நடத்தவும் போகலாம், வெயில் ஏறுமுன் காலையில். ஊரிலிருந்து திரும்பியபின் உங்கள் வீட்டில் குளிர்ந்த மூலை ஒன்று தயாராக இருக்கும். உங்கள் முயல்களுக்குத் தடுப்பூசி போட்டிருந்தால், தத்துக்குக் காத்திருக்கும் முயல் ஒன்றைத் தனி அறையில் சில வாரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஹவுஸ் ராபிட் சொசைட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.