ஒரு கோக்கா குறைகிறது

வேலைக்கான பயிற்சியில் முதன்முதலாக எந்தத் துப்பாக்கியைச் சுட்டீர்கள், அதன் மேல் இன்னும் பிரியம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ‘பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ’. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சியில் இருந்தபோது கைக்கு வந்தது.

ஸ்லைடில் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதி) மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியின் முத்திரை இருக்கும். ஆனால் பூர்வீகம் பெல்ஜியம். அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் ஆரம்பித்து வைத்துவிட்டு 1926-ல் இறந்துபோனார். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி வேலையை முடித்து 1935-ல் கொண்டுவந்த ஹை-பவர்தான் இது. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் இங்கிலிஸ் கம்பெனி (பின்னாளில் வாஷிங் மெஷினுக்குப் பேர்போன அதே கம்பெனிதான்) இதைச் செய்தது. இஷாப்பூருக்கு வந்தது அந்த வடிவம். மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) 13 ரவுண்டு. அந்தக் காலத்துக்கு அது தாராளம்.

குறைகளும் உண்டு. பிடியைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்தால், பின்னால் வரும் ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையைக் கடித்துவிடும். முதல் நாளே எனக்குக் கடி. “ஹாத் நீச்சே, சாப்!” என்று உஸ்தாத் (பயிற்சி தருபவர்) கத்திக்கொண்டே இருந்தார். கையை இறக்கு என்று அர்த்தம். எனக்கு இந்தி புரிவதற்குள் ரத்தம் வந்துவிட்டது. அப்புறம் மேகசினைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாது. அந்தப் பாதுகாப்பு அமைப்பு உரசுவதால், பட்டனை அழுத்தினாலும் மேகசின் தானாகக் கீழே விழாது, பிடித்து இழுக்க வேண்டும். பிற்பாடு கிளாக் என்ற வேறொரு பிஸ்டலைச் சுட்டுப் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால் அதுதான் நல்ல ஆயுதம். ஆனால் என் பழைய பிஸ்டலைப் பிரிக்க, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, சேஃப்டியை அதன் பள்ளத்தில் மாட்டி, ஸ்லைடு ஸ்டாப்பைப் பக்கவாட்டில் தள்ளி எடுக்கும் அந்த வரிசை இன்றைக்கும் விரலில் இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.

ஒரு நாள் சாயங்காலம் சுட்டு முடித்ததும் காலி கோக்காக்களை, அதாவது சுட்டபின் வெளியே விழும் பித்தளைத் தோட்டா உறைகளை, எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. அது கிடைக்காமல் யாரும் ரேஞ்சை விட்டு நகர முடியாது. ஸ்குவாட் மொத்தமும் புல்லில் மண்டியிட்டுத் தடவினோம். இருட்ட ஆரம்பித்தது, கொசு பிடுங்கியது. உஸ்தாத் எதுவும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் எனக்கு வலப்பக்கம் நின்று சுட்ட கேடட் வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றினான். மடித்துவிட்ட விளிம்புக்குள்ளிருந்து பித்தளை ஒன்று உருண்டு விழுந்தது. என் பிஸ்டல் வீசியது அது. முக்கால் மணி நேரமாக அதைத் தலையில் சுமந்துகொண்டுதான் அவனும் எங்களோடு தேடியிருக்கிறான்.

அதையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். பிறகு வழக்கம்போல பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டி, ரவுண்டும் இல்லை, கோக்காவும் இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். அதனால் ஞாபகார்த்தமாகக் காட்ட என்னிடம் ஒரு கோக்காகூடக் கிடையாது.