ஆயில் ஷேலை நிலத்துக்கு அடியிலேயே சூடாக்கி எண்ணெய் எடுத்தால் நிலத்தடி நீருக்கு என்ன ஆகும்? வெட்டியெடுப்பதைவிட அது பாதுகாப்பானதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆயில் ஷேல், ஷேல் ஆயில் இரண்டையும் பலர் ஒன்றென்று நினைத்து மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஷேல் ஆயில் என்று ஃபிராக்கிங் செய்து, அதாவது நீரை அழுத்திச் செலுத்தி எடுப்பது, ஏற்கெனவே எண்ணெயாக இருப்பது. பாறையை உடைத்து வழிவிட்டால் வந்துவிடும். ஆயில் ஷேல் என்பது வேறு. அதில் எண்ணெயே கிடையாது, கெரோஜன் என்ற கரிமப் பொருள் பாறையோடு பாறையாக இறுகிக் கிடக்கும். இன்னும் ஆழத்தில், பூமியின் சூட்டில் பல பத்து லட்சம் ஆண்டுகள் கிடந்திருந்தால் எண்ணெயாகியிருக்கும். அந்தச் சூட்டை நாமே கொடுத்து, காத்திருப்பைச் சில ஆண்டுகளாகச் சுருக்குவதுதான் இந்தத் தொழில்.

வெட்டியெடுத்து மேலே உலையில் போட்டால் சுமார் 500 டிகிரி செல்சியஸ் வேண்டும், சாம்பல் மலைமலையாகக் குவியும். சுவீடனின் க்வார்ன்டார்ப் ஆயில் ஷேல் ஆலை 1966-லேயே மூடப்பட்டுவிட்டது, ஆனால் அதன் கழிவுக் குன்றின் உட்புறம் இன்றும் சூடாக இருக்கிறது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு, கீழேயே சூடாக்கிவிட்டால் குழியும் இல்லை, குன்றும் இல்லையே என்று தோன்றுவது இயல்பு. இதே சுவீடனில் 1940-களிலேயே துளை போட்டு மின்சாரத்தால் பாறையைச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார்கள். பிற்பாடு ஷெல் நிறுவனம் அமெரிக்காவின் கொலராடோவில் செய்த சோதனைகளும் அடிப்படையில் அதேதான். 340 முதல் 370 டிகிரி வரை, ஆண்டுக்கணக்கில், மெதுவாக.

மேற்பரப்பு சுத்தமாகத்தான் இருக்கும். மேலே குவிந்திருக்க வேண்டிய கழிவுக் குன்று இப்போது நிலத்துக்குள், தண்ணீரின் பாதையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கொலராடோவின் பிசியான்ஸ் படுகையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மஹோகனி என்ற அடுக்குதான் கெரோஜன் மிகுந்தது. மேலே ஓரளவு நல்ல நீர், கீழே உப்பு நீர். இரண்டும் கலக்காமல் தடுத்துக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இந்த அடுக்குதான். கெரோஜன் நிறைந்திருப்பதால் அதில் நீர் சுலபமாக நுழையாது. சூடாக்கினால் கெரோஜன் வெளியேறிவிடும், அது இருந்த இடம் காலியாகும், வெடிப்புகள் விடும். நேற்றுவரை மூடியாக இருந்தது இன்று சல்லடை. நாகோலைட் என்ற கனிமமும் அங்கே நிறைய உண்டு. சோடியம் பைகார்பனேட்தான், தண்ணீர் பட்டால் கரையும்.

அப்புறம் வேதியியல். எடுத்தது போக மிஞ்சும் எண்ணெயில் பென்சீன், டொலுயீன், பீனால் வகைகள் போன்ற நச்சுப் பொருட்கள் இருக்கும். ஆர்சனிக், செலினியம், போரான், ஃபுளோரைடு போன்றவை குளிர்ந்த பாறையில் கட்டுண்டு கிடந்தவை. சூடுபட்ட பிறகு அவற்றில் சில எளிதாக நீரில் இறங்கும். வேலை நடக்கும்போது நீரை வெளியே நிறுத்துவார்கள். சூடு ஆறியதும் அது திரும்பி வந்துதான் தீரும்.

இதற்கு ஷெல் வைத்திருந்த பதில் உறைசுவர். பகுதியைச் சுற்றிச் சுமார் எட்டடிக்கு ஒரு துளை போட்டு, மைனஸ் 40 டிகிரி அளவில் குளிர்ந்த அம்மோனியாக் கரைசலைச் சுற்றவிட்டு, மண்ணில் உள்ள நீரையே பனிச்சுவராக்குவது. உள்ளே சூடு, வெளியே பனி. பொறியியலாக எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை. எண்ணெய் எடுத்து முடித்ததும் உள்ளே தண்ணீர் விட்டு அலசி, அந்த நீரை மேலே எடுத்துச் சுத்திகரித்து, பிறகுதான் சுவரை உருகவிடுவது என்பது திட்டம். எத்தனை முறை அலசினால் போதும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நுண்துளைகளில் ஒட்டியிருப்பது ஒரே அலசலில் வராது, பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

என் வேலை நிலத்தடி நீர் மாடலிங். இந்தத் துறையில் வேலை செய்ததில்லை, ஆனால் ஒரு எரிபொருள் கிடங்கின் கசிவைப் பார்த்திருக்கிறேன். கண்காணிப்புக் கிணற்றில் ஒன்பது ஆண்டுகள் சுத்தமான முடிவு. பத்தாம் ஆண்டு பென்சீன். கிடங்கு அதற்குள் கைமாறியிருந்தது. நிலத்தடி நீர் பல இடங்களில் ஆண்டுக்குச் சில மீட்டர்தான் நகரும், நாம்தான் அவசரப்பட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதிவிடுகிறோம்.

ஆயில் ஷேலிலேயே உதாரணம் உண்டு. வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் அருகே அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிலையமே நிலத்தடியில் தீ மூட்டிச் சிறிய அளவில் சோதனைகள் செய்தது. அங்கே மாசுபட்ட நீரைச் சுத்தம் செய்யும் வேலை பிற்பாடு எரிசக்தித் துறையின் தலையில் விழுந்தது. நிலக்கரியை நிலத்தடியிலேயே வாயுவாக்கும் முறை வேறு என்றாலும் உறவுக்காரன்தான். ஆஸ்திரேலியாவின் சின்சில்லாவில் அதைச் செய்த லிங்க் எனர்ஜிக்குச் சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக 2018-ல் நீதிமன்றம் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஆனால் நிறுவனம் 2016-லேயே திவாலாகிவிட்டது. யாரிடம் வசூலிப்பது?

மாசு ஒருபுறம் இருக்க, தண்ணீர்ச் செலவும் உண்டு. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2010-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நிலத்தடி முறையில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 1 முதல் 12 பீப்பாய் வரை நீர் தேவை. பாறையைச் சூடாக்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்வதற்கான நீரும் இந்தக் கணக்கில் சேரும். ஆயில் ஷேல் கிடக்கும் கொலராடோவும் யூட்டாவும் வறண்ட பகுதிகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஷெல் 2013-ல் கொலராடோ முயற்சியை விட்டு வெளியேறியது. இஸ்ரேலின் ஷெஃபேலா படுகையில் இதே போன்ற முன்னோடித் திட்டத்தை 2014-ல் திட்டக்குழு நிராகரித்தது.

சரி, பாதுகாப்பானதா? நிலப்பரப்புக்கு ஆம், நீருக்கு என் பதில் இல்லை. ஒரு திட்ட அறிக்கை என் கைக்கு வந்தால் உறைசுவர்ப் படங்களைத் தாண்டி, கண்காணிப்புக் கிணறுகள் பற்றிய பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். உற்பத்தி முடிந்து எத்தனை ஆண்டுகள் மாதிரி எடுப்பதாக எழுதியிருக்கிறார்கள், அதற்கான பணம் இப்போதே யாரிடம் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். முப்பது ஆண்டு என்று இருந்தால் மேற்கொண்டு படிப்பேன். ஐந்து என்று இருந்தால் மூடிவைத்துவிடுவேன்.