இங்கே ஓகே, அங்கே ரிஜெக்ட்: கோளாறு ஷாஃப்ட்டிலா, அளவெடுப்பதிலா?

கேள்வி: கோவையில் சிறிய கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் 25 மி.மீ. இடத்துக்கு டிராயிங்கில் கே6 என்ற டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அளந்து பார்த்துத்தான் அனுப்புகிறோம். கம்பெனியிலோ 'அளவு குறைவு' என்று திருப்பி விடுகிறார்கள். இன்னொரு இன்ஸ்பெக்டரைப் போட்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்க்கச் சொன்னால் தீருமா?

பதில்: ஆள் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். தப்பாகக் காட்டும் அளவை இரண்டு தடவை பார்த்தால் அதே தப்புதான் இரண்டு தடவை வரும். சம்பளம்தான் கூடும்.

25 மி.மீ.க்கு கே6 என்றால் 25.002 முதல் 25.015 வரை. மொத்தமே 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது 0.001 மி.மீ.). உங்களிடம் இருப்பது 0.01 மி.மீ. மைக்ரோமீட்டர் என்றால் அதன் ஒரு கோடே 10 மைக்ரான். அதை வைத்து இந்த வேலையைப் பாஸ் செய்யவே கூடாது. 0.001 காட்டும் மைக்ரோமீட்டர் கட்டாயம் வேண்டும்.

அது ஏற்கெனவே இருக்கிறதா? சரி, அப்படியானால் என் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். புகார் எப்போதும் 'குறைவு' என்றே வருகிறது, பாருங்கள். 25 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய 3 மைக்ரான் விரியும். மெஷினிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் 25.004 காட்டும், பையன் நிம்மதியாகத் தட்டில் வைப்பான். ஆறியதும் அதே ஷாஃப்ட் 25.001. ரிஜெக்ட்! பட்டறை 34 டிகிரியில் இருப்பது பெரிய பாதகமில்லை. மைக்ரோமீட்டரும் எஃகுதான், இரண்டும் சேர்ந்தே விரியும். இரண்டுக்கும் இடையில் சூடு வித்தியாசப்படுவதுதான் ஆபத்து. ஐந்து ஷாஃப்ட்டைச் சூட்டோடு ஒரு தடவை, மைக்ரோமீட்டர் பக்கத்திலேயே அரைமணி நேரம் வைத்து இன்னொரு தடவை அளந்து பாருங்கள். எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவைக் கிரைண்டிங்கிலேயே கூட விட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் கை. மைக்ரோமீட்டர் நுனியில் அழுத்தம் மிகாமல் நழுவிக்கொடுக்கும் ராட்செட்டை விட்டுவிட்டு, திருகும் உருளையான திம்பிளையே இறுக்கித் திருகினால் அளவு குறைந்து தெரியும். நல்ல ஷாஃப்ட் ஸ்கிராப்புக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்க 10 ஷாஃப்ட்டுக்கு நம்பர் போட்டு, மூன்று பேரை ஆளுக்கு மூன்று தடவை அளக்க விடுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளவெடுக்கும் முறையையே சோதிப்பது) என்பது இதுதான். கணக்கிட்டு வரும் சிதறல் டாலரன்ஸில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்த அளவை நம்பவே முடியாது. உங்கள் 13 மைக்ரானில் 30 சதவீதம் என்பது வெறும் 4 மைக்ரான்.

மூன்று பேரும் ஒரே மாதிரி தப்பாக அளந்தால் இதில் தெரியாது. அதற்குக் காலிபிரேட் செய்த 25 மி.மீ. ஸ்லிப் கேஜை (துல்லியமான அளவுள்ள கட்டை) வைத்து மைக்ரோமீட்டரைத் தினமும் காலையில் சரிபாருங்கள். நம்பர் போட்ட அதே ஷாஃப்ட்களைக் கம்பெனியிலும் ஒரு தடவை அளந்து தரச் சொல்லுங்கள். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த ஆர்மண்ட் ஃபைகன்பாம் 1950களிலேயே தரச் செலவைத் தடுப்பு, ஆய்வு, பழுது என்று பிரித்துக் காட்டினார். பழுதை, வாசலுக்குள் பிடிபட்டது, வாடிக்கையாளரிடம் போய்ப் பிடிபட்டது என்று இரண்டாக்குவது இன்றைய வழக்கம். நீங்கள் கேட்கும் இன்ஸ்பெக்டர் ஆய்வுச் செலவு. ஸ்லிப் கேஜும் பையனுக்குக் கொடுக்கும் இரண்டு மணி நேரப் பயிற்சியும் தடுப்புச் செலவு. திரும்பி வரும் லாட்டுக்கு ஷாஃப்ட் விலையை மட்டும் எழுதாதீர்கள். வண்டி வாடகை, திரும்பப் பிரித்துப் பார்த்த கூலி, அளவு குறைந்ததற்கு ஹார்டு குரோம் ஏற்றித் திரும்பக் கிரைண்டிங் போட்ட செலவு, அந்த நேரத்தில் மெஷினில் ஓடாமல் போன வேறு வேலை, தள்ளிப்போன பில் பணம் எல்லாவற்றையும் தனி நோட்டில் மூன்று மாதம் எழுதுங்கள். அந்தத் தொகையை இன்ஸ்பெக்டர் சம்பளத்தோடும் ஒரு நல்ல டயல் ஸ்நாப் கேஜ் (ஷாஃப்ட்டை நுழைத்தாலே அளவு வித்தியாசத்தை டயலில் காட்டும் கருவி) விலையோடும் ஒப்பிட்டு, அதன்பிறகு முடிவெடுங்கள்.