தங்கவயல்: எதுவரை போகலாம்?

கேள்வி: நண்பர்களோடு கோலார் தங்கவயல் போகிறோம். மூடிய சுரங்கத்தில் கொஞ்ச தூரமாவது இறங்கிப் பார்க்க முடியுமா?

பதில்: வேண்டாம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் ஊற்றுநீர் ஏறி, ஆழத்து மட்டங்களை மூழ்கடித்துவிட்டது. இங்குள்ள சுரங்கங்களில் ஒன்றான சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜும் ஓடவில்லை, காற்றோட்டமும் இல்லை.

“வாசலில் பத்தடிதானே” என்பார்கள். அந்தப் பத்தடிதான் வில்லங்கம். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். கைவிட்ட சுரங்கத்தில் மக்கும் மரமுட்டுகளும் கந்தகம் கலந்த தாதுவும் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நாற்றமோ மூச்சுமுட்டலோ இல்லாமலே ஆள் சுருண்டு விழலாம். தூக்கப் போகிறவருக்கும் அதே கதிதான். முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆக்சிஜன் தராது. நேற்று நன்றாக இருந்த காற்று இன்றும் இருக்கும் என்றில்லை. மழைக்கு முன் காற்றழுத்தம் குறையும்போது உள்ளேயிருக்கும் கெட்ட காற்று வாசல்வரை வரும். முறையான அனுமதியோடு இறங்கும் குழுக்கள்கூட, 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் அலறும் காற்றளவுக் கருவி இல்லாமல் நுழைவதில்லை.

காலடியும் நம்பகமில்லை. கீழ்மட்டத்துக்கு இறங்கும் குழிகளைப் பலகையால் மூடி, மேலே கல்குவியல் கிடக்கும். பார்த்தால் தரை, பலகையோ உளுத்திருக்கும்.

கேள்வி: அப்படியானால் மேலே என்ன பார்க்கலாம்?

பதில்: சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் சாஃப்ட்டுக்கு மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தை வேலிக்கு வெளியிலிருந்தே பாருங்கள். உச்சிச் சக்கரத்தின் மேல் ஓடிய கம்பிவடத்தில்தான் கேஜ் தொங்கியது. அருகில் நிலம் கிண்ணம்போலக் குழிந்திருந்தால் அங்கே நிற்காதீர்கள். அடியில் மண் சரிகிறது என்று பொருள்.

சயனைடு மேடுகளில் பிள்ளைகளைச் சறுக்கவிட வேண்டாம். சயனைடு கொண்டு தங்கம் பிரித்தபின் கொட்டிய பொடிமண் அது. சயனைடு என்ற பெயர்தான் எல்லாரையும் மிரட்டுகிறது. காற்று நாளில் நுரையீரலுக்குப் போகும் சிலிக்கா என்னும் நுண்ணிய கல்தூசிக்கும் அதே அளவு பயப்பட வேண்டும். மழை அறுத்த ஓடைச் சுவர்கள் தொட்டாலே சரியும்.

கேள்வி: கல்லில் மஞ்சளாக மின்னுவது தங்கமா?

பதில்: பெரும்பாலும் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பளபளப்புப் பூசாத டைல்ஸின் அடிப்பக்கத்தில் உரசுங்கள். பைரைட் கரும்பச்சைக் கோடு போடும், தங்கம் மஞ்சள் கோடு. ஊசியால் குத்தினால் தங்கம் பள்ளம் விழும், பைரைட் நொறுங்கும்.