அண்ணன் கப்பலில் தங்கையின் பறவை

வணக்கம் சார்,

ரியூக்யூ அரசு பற்றிய உங்கள் கட்டுரையில், ‘அரசனின் சகோதரியே நாட்டின் தலைமைப் பூசாரி’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ராணி இருக்கிறாள், தாய் இருக்கிறாள், ஏன் சகோதரி? அவளுக்கு நிஜமாகவே அதிகாரம் இருந்ததா, இல்லை சாமி பேரைச் சொல்லி அரசன் பக்கத்தில் உட்காரவைத்த அலங்காரமா?

ம.

அன்புள்ள ம.,

ஒரே வரியில் கடந்தது என் சோம்பல்தான். அரண்மனையிலிருந்து ஆரம்பித்தால் இது பிடிபடாது. மீனவன் வீட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

ரியூக்யூ என்பது இன்று ஜப்பானின் பகுதியாக இருக்கும் ஒகினாவா உள்ளிட்ட தீவுகளில் இருந்த தனி அரசு. அந்தத் தீவுகளில் அண்ணன் தம்பிக்கு, உடன்பிறந்தவள் வெறும் உறவு இல்லை, தெய்வம். ‘ஒனாரி’ என்றால் சகோதரி. ‘ஒனாரிகாமி’ என்றால் சகோதரித் தெய்வம். அவன் கடலுக்குப் போகும்போது அவளுடைய தலைமுடியையோ, அவள் கையால் நெய்த துண்டையோ காப்பாக எடுத்துப் போவான். அந்தத் துண்டுக்கு ‘தீசாஜி’ என்று பேர். மனைவி வேறு வீட்டிலிருந்து வந்தவள். சகோதரியோ கல்யாணமாகிப் போனாலும் இவனுக்கு ஒனாரிதான். உங்கள் ‘ஏன் சகோதரி’க்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான்.

இதைப் பற்றி ஒரு பழம்பாட்டு உண்டு. கப்பலின் உயர்ந்த பின்தளத்தில் ஒரு வெள்ளைப் பறவை உட்கார்ந்திருக்கிறது; இல்லை, அது பறவை இல்லை, நம் சகோதரியின் ஆவி என்கிறது பாட்டு. அரசவை தொகுத்த ‘ஒமொரோ சோஷி’ என்னும் பழம்பாடல் திரட்டில், அவளே அழகான வண்ணத்துப்பூச்சியாகிக் காவலுக்கு வருகிறாள். நாஹா துறைமுகத்திலிருந்து சீனாவின் ஃபூஜியான் கரைக்குப் போய்த் திரும்புவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. கரையிலிருந்த பெண்கள் வட்டமாக நின்று, போனவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று பாடினார்கள்.

சரி, இப்போது அரண்மனைக்கு வருவோம். 1477-இல் ஷூரி கோட்டையில் நடந்ததாக அரசவையின் வரலாற்று நூல்கள் சொல்லும் ஒரு காட்சி. முந்தைய வருஷம் ஷோ என் அரசர் இறந்து, அவருடைய தம்பி ஷோ செனி அரியணை ஏறியிருந்தார். புது அரசரை வாழ்த்தப் பூசாரிப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். வழக்கமாகக் கிழக்கு நோக்கி நிற்பவர்கள் அன்று மேற்கு நோக்கி நின்றார்கள். சபை திகைத்துப்போனது. இறந்த அரசரின் மகன், இன்னும் பால்யம் மாறாத ஷோ ஷின்னைப் புகழ்ந்து தெய்வவாக்காக ஒரு பாட்டு வந்தது. செனி அரியணையை விட்டு இறங்கிவிட்டார். அவர் ஆண்டது ஆறே மாதம்.

இதன் பின்னால் பையனின் தாய் ஒகியாகா இருந்தாள் என்று வரலாற்று அறிஞர்கள் சந்தேகிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சாமி அவ்வளவு கச்சிதமாக அரசியல் பேசாது. ஆனால் காய் நகர்த்தியவளுக்கும் அந்தப் பெண்களின் வாய் தேவைப்பட்டது, பாருங்கள். அலங்காரத்துக்கு இருப்பவர்கள் திரும்பி நின்றால் யாரும் அரியணையிலிருந்து இறங்கமாட்டார்கள்.

அந்தப் பையன் 1526 வரை, கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆண்டான். தன்னை அரசனாக்கிய சக்தி எதுவென்று அவனுக்கு மறந்திருக்காது. தன் சகோதரியை ‘கிகோயே ஓகிமி’ என்ற தலைமைப் பூசாரியாக்கினான். ஊர் ஊராக இருந்த ‘நோரோ’ என்னும் பூசாரிப் பெண்களை அவளுக்குக் கீழே கொண்டுவந்தான். அரண்மனையிலிருந்து நியமன ஆணை, கூடவே மானிய நிலம். வீட்டிலிருந்த நம்பிக்கையை எடுத்து நிர்வாகமாக மாற்றிவிட்டான். கெட்டிக்காரன்.

1534-இல் சீனாவின் மிங் பேரரசிலிருந்து வந்த தூதர் சென் கான் இதைப் பார்த்து அசந்துபோய் எழுதிவைத்திருக்கிறார். இங்கே தெய்வங்கள் பெண்கள் மேல்தான் இறங்குகின்றன. அவர்கள் திரண்டு வரும்போது அரசனும் பட்டத்து இளவரசனும் அமைச்சர்களும் விழுந்து விழுந்து கும்பிடுகிறார்கள் என்கிறார். காரணமும் சொல்கிறார்: யாராவது சதி செய்தால் தெய்வம் ராத்திரியே அரசனிடம் சொல்லிவிடுமாம், உடனே ஆள் பிடிபட்டுவிடுவானாம். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஊர்தோறும் நோரோ இருந்தால் சேதி வராமல் எங்கே போகும்?

கிகோயே ஓகிமி பதவியேற்ற செஃபா உத்தாகி என்னும் புனிதத் தலத்தில் கோயில் கட்டடம் எதுவும் கிடையாது. காடு, சாய்ந்து நிற்கும் பாறைகள், தூபக் கிண்ணங்கள், அவ்வளவுதான். பதவியேற்பின்போது எதிரே கடலில் தெரியும் குடாகா தீவிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து பரப்புவார்கள். ஆண்களுக்கு அந்தக் காலத்தில் உள்ளே அனுமதி இல்லை. அரசனே வந்தாலும் அங்கியின் முகப்பைப் பெண்களைப் போல மாற்றிக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது.

இறக்கமும் வந்தது. 1609-இல் ஜப்பானின் சத்சுமா பிரபுக்கள் படையெடுத்து ரியூக்யூவைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1666 முதல் 1673 வரை தலைமை அமைச்சராக இருந்த ஹானேஜி சோஷூ, கன்பூசிய ஒழுங்கில் ஊறியவர். அவர் காலத்தில் கிகோயே ஓகிமியின் இடம் ராணிக்குக் கீழே இறக்கப்பட்டது. அரசர் நேரில் குடாகாவுக்குப் போகும் யாத்திரையும் 1673-இல் நின்றது. பதிலாக ஆள் அனுப்பினால் போதும் என்றாகிவிட்டது. அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, நம் மூதாதையரும் தானியங்களும் ஜப்பானிலிருந்து வந்தவைதானே, குடாகாவுக்கு அரசரே எதற்குப் போக வேண்டும் என்பது. சகோதரிதான் என்ற கட்டாயமும் போய், அந்தப் பதவி ராணிகளுக்கும் இளவரசிகளுக்கும் போனது.

அரண்மனையில் அந்தப் பதவி இப்படி இளைத்தாலும் தீவுகளில் பழக்கம் போகவில்லை. குடாகாவில் ஆண்கள் கடலோடிகள், பெண்கள் வயலும் வழிபாடும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, சீன முறைப்படி விலங்குகளின் பேரில் வரும் ஆண்டுகளில் குதிரை ஆண்டில், முப்பது முதல் நாற்பத்தொன்று வயதுக்குள் இருக்கும் தீவுப் பெண்கள் பூசாரிகளாகும் ‘இசாய்ஹோ’ சடங்கு நடக்கும். வெள்ளை உடையில், தலையை விரித்துப்போட்டு, ‘ஏஃபாய் ஏஃபாய்’ என்று கூவிக்கொண்டு ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி ஓடுவார்கள். கணவனுக்குத் துரோகம் செய்தவள் அதிலிருந்து விழுந்துவிடுவாள் என்பது நம்பிக்கை. பாலம் கிட்டத்தட்ட தரையோடு தரையாகத்தான் இருக்கும்.

கடைசியாக அது நடந்தது 1978-இல். 1990-இல் குதிரை ஆண்டு வந்தபோது, பாலத்தைத் தாண்டுவதற்குத் தகுதியான பெண்கள் தீவில் இல்லை.