ஞானப்பல் எடுத்த பிறகு: மூன்றாம் நாளைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. கீழ்த்தாடையில் வலப்பக்க ஞானப்பல் படுத்தவாக்கில் முளைத்திருக்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு முறை ஈறு வீங்கி, வாயைத் திறக்கவே முடியவில்லை. எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறார் பல் டாக்டர். இதே பல்லை எடுத்த நண்பன் பத்து நாள் துடித்ததைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எவ்வளவு வலிக்கும்? எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

பதில்: உங்கள் நண்பருக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் பல்லைப் பார்ப்போம்.

தொந்தரவே தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உங்களுடையது அப்படியல்ல. அரைகுறையாக முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோலக் கிடக்கும். அதற்குள் உணவுத் துணுக்கு புகுந்தால் பிரஷ் எட்டாது. கிருமி பெருகும், வீங்கும். ஒரு முறை வந்தால் சுத்தம் செய்துவிட்டுப் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டாவது முறையும் வந்துவிட்டால் எடுப்பதே சரி. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொன்னது. ஆனால் வீக்கம் இருக்கும்போதே போய் உட்காராதீர்கள். சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. தொற்று அடங்கட்டும்.

எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?" கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு தாடை எலும்புக்குள் ஒரு குழாய்போல ஓடுகிறது. வேர் அதை உரசிக்கொண்டிருந்தால், எடுத்த பிறகு உதடு சில வாரமோ சில மாதமோ மரத்துக் கிடக்கலாம். பெரும்பாலும் திரும்பிவிடும், அபூர்வமாகத் திரும்பாமலும் போகும். இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்தபின் வலி தெரியாது, அழுத்தம் தெரியும். மரத்துப்போகும் ஊசி வலியைத்தான் நிறுத்தும், அழுத்தத்தை அல்ல. சத்தமும் கேட்கும். படுத்த பல்லை முழுசாக இழுக்க முடியாது என்பதால் ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பை நீக்கி, பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டித்தான் எடுப்போம். "மடக்" என்று ஒரு ஓசை மண்டைக்குள் கேட்கும்போது பலரும் தாடையே உடைந்துவிட்டதாக நினைத்துக் கண்ணை விரிப்பார்கள். உடைந்தது பல்தான். நடுவில் நிஜமாகவே வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடலாம். பல்லைப் பறிகொடுப்பவர் வீரம் காட்ட வேண்டிய அவசியமில்லை.

இனி வீட்டுக்கதை. குணமாவது முழுக்க ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது: குழியில் உறையும் ரத்தம். அதுதான் எலும்பை மூடும் போர்வை. பஞ்சை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அழுத்திக் கடித்திருங்கள். எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, "நின்றுவிட்டதா" என்று பார்த்தால் நிற்காது. முதல் நாள் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது. வாயில் சேருவதை விழுங்கிவிடுங்கள். ஒரு ஸ்பூன் ரத்தம் எச்சிலோடு கலந்தால் ஒரு கிண்ணம்போலத் தெரியும், பயப்படாதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அப்புறம் நாக்கு. அது குழியைத் துழாவிக்கொண்டே இருக்கும், கட்டுப்படுத்துங்கள்.

வலி மாத்திரையை வலி வந்தபின் தேடாதீர்கள். மரப்பு விடுவதற்கு முன்பே முதல் வேளையைப் போட்டுக்கொண்டு, டாக்டர் எழுதிய இடைவெளியில் முதல் இரண்டு நாள் தொடருங்கள். ஆஸ்பிரினை நீங்களாகப் போட வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். மரப்பு இருக்கும்வரை எதையும் மெல்லவும் வேண்டாம். உங்கள் உதட்டையே கடித்துக்கொண்டிருப்பீர்கள், தெரியவே தெரியாது.

முதல் நாள் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம், கால் மணி நேரம் வைத்து கால் மணி நேரம் விட்டு. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதை வாய்க்குள் நிரப்பித் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தால் போதும், குதப்ப வேண்டாம். சாப்பாடு ஆறியதாக, மெல்லத் தேவையில்லாததாக இருக்கட்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரண்டாம் நாள் கண்ணாடியைப் பார்த்தால் முகம் முதல் நாளைவிடப் பெரிதாக இருக்கும். வீக்கம் உச்சத்துக்குப் போவது 48 முதல் 72 மணி நேரத்தில்தான். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. குழியின் மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். அது சீழ் இல்லை, ஆறும் புண்ணின் மேல்தோல். சுரண்டாதீர்கள்.

வீக்கத்தைவிட வலி கூடுகிறதா குறைகிறதா என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது குறைந்தால் எல்லாம் சரி. குறைந்துகொண்டிருந்த வலி மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திடீரென்று திரும்பி, காதுவரை குடைந்து, மாத்திரைக்கும் கேட்காமல், வாயில் கெட்ட நாற்றமும் வந்தால் அது 'ட்ரை சாக்கெட்'. ரத்த உறைவு கரைந்து அல்லது பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். பத்து நாள் துடித்த உங்கள் நண்பருக்கு இதுதான் வந்திருக்க வேண்டும். ஆபத்தான விஷயமில்லை, குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றைக்கே பெரிதாகக் குறையும். பல்லை எடுத்தால் வலிக்கத்தானே செய்யும் என்று வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதுதான் தப்பு.

காய்ச்சல், அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தம், மறுநாளும் போகாத மரப்பு இருந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் நேராக அவசர சிகிச்சைக்கு.

லீவு மூன்று நான்கு நாள் போதும். ஓட்டம், எடை தூக்குவது ஒரு வாரம் கழித்து. தையல் தானாகக் கரையும் வகை இல்லையென்றால் அதையும் ஏறக்குறைய அப்போதே பிரிப்பார்கள். ஈறு மூட மூன்று நான்கு வாரம் ஆகும், எலும்பு நிரம்பப் பல மாதம். வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டுத் திங்கள்கிழமை வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். நான் திங்களோ செவ்வாயோ பல்லை எடுங்கள் என்பேன். வலி திரும்பக்கூடிய அந்த நாட்களில் உங்கள் டாக்டர் கிளினிக்கில் இருப்பார்.