டிஸ்க் சாகிறதா, கேபிள் லூசா? ஈவென்ட் லாக்கை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

கேள்வி: சின்ன ஊரில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். எடிட்டிங் கம்ப்யூட்டரில் விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது. கல்யாணப் படங்கள் எல்லாம் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில், டி டிரைவில். கொஞ்ச நாளாக டி டிரைவில் ஏதாவது போல்டரைத் திறந்தால் அரை நிமிடம், ஒரு நிமிடம் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது; பிறகு தானாக வேலை செய்கிறது. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் எழுதிவைக்கும் எரர் லாக்கைக் காட்டும் திரை) பார்த்தால் சிவப்பும் மஞ்சளுமாக ஏகப்பட்ட வரிகள். டிஸ்க் 7, டிஸ்க் 153, கெர்னல் பவர் 41, டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016. ஒரு கடையில் மதர்போர்டு போச்சு என்கிறார்கள். இன்னொரு கடையில் பார்மேட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: முதலில், இன்னும் வாடிக்கையாளருக்குக் கொடுக்காத படங்களை வேறொரு டிஸ்க்குக்கு காப்பி போட ஆரம்பித்துவிடுங்கள். காப்பி ஓடும்போது மீதியைப் படிக்கலாம். நீங்கள் எழுதிய நான்கு எண்களில் அந்த 7 ஒன்றே இதைச் சொல்லப் போதும்.

அந்த நான்கில் இரண்டை முதலிலேயே கழித்துவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016 நல்ல கம்ப்யூட்டரிலும் தினமும் வரும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாப்ட்டே சொல்லியிருக்கிறது. கெர்னல் பவர் 41 என்றால், போன முறை கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் எதுவும் இல்லை. கரண்ட் போயிருக்கலாம், ஹேங் ஆனதும் நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கலாம். இந்த 41-ஐப் பார்த்துத்தான் பல கடைகளில் "மதர்போர்டு", "எஸ்எம்பிஎஸ்" (பவர் சப்ளை பெட்டி) என்று செலவு வைக்கிறார்கள்.

இனி லாக்கை வடிகட்டுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலது பக்கம் இருக்கும் "பில்டர் கரன்ட் லாக்" பெட்டியில் ஐடி கேட்கும் இடத்தில் 7, 11, 51, 52, 55, 129, 153 என்று கமா போட்டு எழுதுங்கள். இதே எண்களை வேறு சில புரோகிராம்களும் பயன்படுத்தும். அதனால் சோர்ஸ் என்ற பத்தியில் டிஸ்க், என்டிஎப்எஸ், அல்லது "ஸ்டோர்" என்று தொடங்கும் டிரைவர் பெயர் உள்ள வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த டிஸ்க்? இதைப் பார்க்காமல் நல்ல டிஸ்க்கைக் கழற்றி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 7-ஆம் எண் வரியைத் திறந்தால் "ஹார்ட்டிஸ்க்1, டிஆர்1" என்ற மாதிரி ஒரு பாதை இருக்கும். அந்த "ஹார்ட்டிஸ்க்" என்பதை ஒட்டி வரும் எண்ணும், டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் "டிஸ்க் 0", "டிஸ்க் 1" என்று காட்டும் எண்ணும் ஒன்றே. டி டிரைவ் எந்த டிஸ்க் என்று அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு எச்சரிக்கை. முதலாவது, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யும்போது இந்த எண்கள் சில சமயம் இடம் மாறும். அதனால் இன்று வந்த எரரை இன்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள், போன மாத எரரோடு வேண்டாம். இரண்டாவது, டிஆர் எண் 5, 12 என்று பெரிதாக இருந்தால் அது பெரும்பாலும் நடுவில் சொருகிய பென் டிரைவோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கோதான். சரியாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிய பென் டிரைவ்கூட 51, 11 எழுதிவைக்கும். அதைப் பார்த்து உள்ளே இருக்கும் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டாம்.

இனி முக்கியமான வேறுபாடு. டிஸ்க் 7 என்பது "இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை" என்று டிஸ்க்கே கொடுக்கும் வாக்குமூலம். "பேட் பிளாக்" என்று அதில் எழுதியிருக்கும். கேபிள் கெட்டிருந்தால் இந்தப் பதில் பொதுவாக வராது. டிஸ்க் சரியாகப் படித்து, அனுப்பும் வழியில் டேட்டா சிதைந்தால் அது சிஆர்சி எரர் என்ற வேறு கணக்கில் சேரும். மதர்போர்டைக் குறை சொன்ன கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: மதர்போர்டு போயிருந்தால் டிஸ்க் எதற்கு பேட் பிளாக் என்று சொல்ல வேண்டும்?

153 அவ்வளவு நேரடியானது அல்ல. விண்டோஸ் ஒன்றைக் கேட்டது, உரிய நேரத்தில் பதில் வரவில்லை, மறுபடி கேட்டது. அவ்வளவுதான் அதன் பொருள். பதில் வராததற்குக் காரணம் மோசமான செக்டராகவும் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னக் கட்டம்) இருக்கலாம், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் லூசாகவும் இருக்கலாம், பவர் கனெக்டராகவும் இருக்கலாம். 129 அதற்கும் ஒரு படி மேலே: விண்டோஸ் காத்திருந்து அலுத்து, அந்த டிஸ்க்குக்கான இணைப்பையே ரீசெட் செய்திருக்கிறது. பவர் சேமிப்பு அமைப்புகளும் டிரைவரும்கூட 129-ஐ வரவைக்கும்; அதை மட்டும் வைத்து டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள்.

153-ஐப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அந்த வரிக்குள் "லாஜிக்கல் பிளாக் அட்ரஸ்" என்று ஒரு நீளமான ஹெக்ஸ் எண் (16 அடிமானத்தில், எழுத்துகளும் கலந்து எழுதும் எண்) இருக்கும். பத்துப் பதினைந்து வரிகளைத் திறந்து அந்த எண்ணை மட்டும் ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஒரே எண்ணோ பக்கத்துப் பக்கத்து எண்களோ திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் ஒரு குறிப்பிட்ட இடம் கெட்டிருக்கிறது. எண்கள் டிஸ்க் முழுக்கச் சிதறியிருந்தால் கேபிள், பவர் பக்கம் சந்தேகம் போக வேண்டும். எத்தனை வரிகள் என்பது பெரிய விஷயமே இல்லை. ஒரே செக்டரில் மாட்டிக்கொண்ட ஒரு காப்பி வேலை அரை மணி நேரத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும். வரிகள் எத்தனை வெவ்வேறு நாட்களில் பரவியிருக்கின்றன, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் உறைந்து நிற்பதற்கும் இங்கேதான் காரணம். வீட்டு உபயோக ஹார்ட் டிஸ்க், படிக்க முடியாத செக்டரை லேசில் விடாது. திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். விண்டோஸ் வழக்கமாக 60 விநாடி வரை காத்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் மவுஸை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை.

மீதி எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 52 வந்தால் "நான் போகப் போகிறேன்" என்று டிஸ்க்கே அறிவித்துவிட்டது. விவாதம் வேண்டாம், மாற்றுங்கள். என்டிஎப்எஸ் 55 பைல் அமைப்பு குழம்பியிருக்கிறது என்கிறது. அது விளைவு, கரண்ட் கட் ஆனாலும் வரும். 11 கன்ட்ரோலர் எரர், கேபிளிலும் யுஎஸ்பி பெட்டியிலும் அதிகம் பார்ப்பது.

விண்டோஸ் லாக் ஒரு தரப்பு வாதம்தான். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதும் குறிப்பு ஒன்று இருக்கிறது, ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். மேலே நீலத்தில் "குட்" என்று காட்டினாலும் அதை நம்பி உட்காராதீர்கள், கீழே உள்ள வரிசையைப் படியுங்கள். அதில் எண்கள் ஹெக்ஸில் இருக்கும்: கடைசியில் 18 என்றால் அது 24. மெனுவில் பங்ஷன், அட்வான்ஸ்ட் பீச்சர், ரா வேல்யூஸ் என்று போனால் 10 அடிமான எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். ஹெக்ஸிலேயே வரிசை எண் 05, சி5, சி6, சி7 என்று வரும். மற்ற மென்பொருள்களில் சி5 என்பது 197, சி6 என்பது 198, சி7 என்பது 199.

உங்களுக்கு முக்கியமானவை மூன்று. 197, இப்போதைக்குப் படிக்க முடியாமல் காத்திருப்பில் இருக்கும் செக்டர்கள். 5, கெட்டுப்போனது என்று கைகழுவி உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். 199, வழியில் டேட்டா சிதைந்த எண்ணிக்கை, அதாவது கேபிள் கணக்கு. 197 பூஜ்யம், 199 ஏறிக்கொண்டே போகிறது, லாக்கில் 7 ஒன்றுகூட இல்லை என்றால் நூறு, இருநூறு ரூபாய் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். 199 ஒருபோதும் குறையாது. மாற்றிய பிறகு அதே இடத்தில் நின்றால் வேலை முடிந்தது. உங்கள் விஷயத்தில் லாக்கில் 7 இருப்பதால் 197-லோ 5-லோ ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இன்று பார்த்துக் குறித்துவைத்து, காப்பி முடிந்ததும் மறுபடி பாருங்கள். எண் 8-ல் நின்று பல வருடம் ஓடும் டிஸ்க்கும் உண்டு. காலையில் 8, மாலையில் 40 என்றால் அது சரிவு.

சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்மார்ட்டில் வரிசை எண் 1, 7 ஆகியவற்றில் (லாக்கில் வரும் 7 வேறு) கோடிக்கணக்கில் எண் தெரியும். அது அவர்கள் எழுதும் முறை, பயப்பட வேண்டாம்.

எத்தனை நாள் தாங்கும் என்று அடுத்து கேட்பீர்கள். தேதி சொல்ல முடியாது, போக்கைச் சொல்லலாம். கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேற்பரப்பில் முதல் ஸ்கேன் எரர் காட்டிய டிஸ்க், அப்படிக் காட்டாததைவிட அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்க 39 மடங்கு வாய்ப்பு இருந்தது. அதே ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் ஸ்மார்ட்டில் எந்த எரர் கணக்கையும் காட்டவே இல்லை என்றும் சொன்னார்கள். அறிகுறி வந்தால் நம்ப வேண்டும். வரவில்லை என்பதற்காக நிம்மதி அடையக் கூடாது. உங்களுக்கு அறிகுறி வந்துவிட்டது.

இனி பார்மேட். அந்தக் கடைக்காரர் முழுக்கப் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். காத்திருப்பில் இருக்கும் செக்டரின் மேல் புதிதாக எழுதினால், டிஸ்க் அதைச் சோதித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் உபரி இடத்துக்கு மாற்றிவிடும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து புல் பார்மேட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. அதனால் 197 பூஜ்யமாகும், கம்ப்யூட்டர் உறைவது நிற்கும், "சரியாகிவிட்டது" என்று பில் போடுவார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் வந்த ஒன்றிரண்டு மோசமான செக்டர் என்றால் அது உண்மையாகவே சரியாகலாம். ஆனால் தட்டோ அதைப் படிக்கும் ஹெட்டோ கெடுகிறது என்றால் சில வாரத்தில் பக்கத்து செக்டர்கள் தொடரும். எப்படியிருந்தாலும் அதற்குள் படங்கள் போயிருக்கும். குயிக் பார்மேட் இதில் எதையும் செய்யாது, பைல் பட்டியலைத்தான் துடைக்கும்.

டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கும் இப்போது வேண்டாம். குறிப்பாக ஆர் சுவிட்ச் போட்டு ஓட்டினால் அது டிஸ்க் முழுவதையும் படிக்கும். நோயாளியை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லிப் பரிசோதிப்பது போல. சிதறிய பைல்களை இடம் மாற்றி ஒழுங்குபடுத்தும் டிபிராக் கூடவே கூடாது.

காப்பி எடுக்கும் முறையைப் பற்றி. எக்ஸ்ப்ளோரரில் மொத்தமாக இழுத்துப் போடாதீர்கள், ஒரு பைலில் நின்றால் எல்லாம் நிற்கும். முக்கியமான போல்டர்களை முதலில், சின்னச் சின்னதாக எடுங்கள். விண்டோஸோடு வரும் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி தெரிந்தால் அது நல்லது. ஆனால் அது படிக்க முடியாத பைலை 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயற்சி செய்யும்படி அமைந்திருக்கிறது! ஆர் சுவிட்சுக்கும் டபிள்யூ சுவிட்சுக்கும் பூஜ்யம் கொடுத்தால் கெட்ட பைலைத் தாண்டிப் போய்விடும். பாதியில் நிற்பது அதிகமானால் விண்டோஸை விட்டுவிட்டு, லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள், அல்லது தெரிந்தவரை ஓட்டச் சொல்லுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வரும். இதற்கு இன்னொரு 2 டிபி டிஸ்க் காலியாக வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து "டக், டக்" என்று சீராகச் சத்தம் வந்தால் மேலே சொன்னது எதையும் செய்யாதீர்கள். பவரை எடுத்துவிடுங்கள். ஹெட் தட்டில் உரசிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு நிமிடமும் படங்களைச் சுரண்டும். அப்போது டேட்டா ரெக்கவரி லேப் மட்டுமே வழி, செலவு ஆயிரங்களில் போகும். ப்ரிட்ஜில் வைத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும்.

லினக்ஸ் வைத்திருக்கும் வாசகர்களுக்கு: டிமெஸ்ஸேஜ் கட்டளை காட்டும் லாக்கில் ஏடிஏ (டிஸ்க் இணைப்பு) எரர் வரிகளின் கடைசியில் அடைப்புக்குள் யுஎன்சி என்று இருந்தால் கோளாறு தட்டில், ஐசிஆர்சி என்று இருந்தால் கேபிளில். விண்டோஸைவிடச் சுலபம்.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கின் வாரண்டியைத் தயாரிப்பாளர் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வாரண்டியில் டிஸ்க் மாற்றித் தருவார்கள், டேட்டா தரமாட்டார்கள். அனுப்பும் முன் டிஸ்க் இன்னும் ஓடுகிறது என்றால் அப்போது போடுங்கள் அந்த புல் பார்மேட்டை, வாடிக்கையாளர் படங்கள் வெளியே போகாமல் இருக்க. வாரண்டி முடிந்துவிட்டது என்றால் டிரில்லிங் மெஷினால் தட்டு வரை இரண்டு மூன்று ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் பழைய இரும்புக்குக் கொடுங்கள்.